சாம்பிளுக்கு நின்ற முகம்

அக்கா, நேற்று ஒரு வேலையாக மண்ணரைக்குப் போனவள், நாம் குடியிருந்த லைன் வீட்டுச் சந்துக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். சுவரில் நீங்கள் வரைந்த என் படத்துக்கு யாரோ செவ்வந்திப் பூ வைத்திருந்தார்கள். நெற்றிப் பக்கம் குங்குமம் வேறு. முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது, செத்தவர்களுக்கல்லவா இப்படி வைப்பார்கள்.

அந்தச் சுவருக்காக நீங்கள் பட்ட பாடெல்லாம் நினைவுக்கு வந்தது. பக்கத்து அறையில் இருந்த ஓவர்லாக் டெய்லர் பெண் காய்ச்சலில் செத்துப்போனாளே, அதில் தொடங்கியது. காலையில் அவளை வேனில் ஏற்றித் தூத்துக்குடிக்கு அனுப்பினோம். சாயங்காலம் அதே அறையில் வேறு யாரோ குடிவந்து சோறு வடித்தார்கள். நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “கழுவி விட்டுட்டானுவ பாத்தியா. இங்கன ஒருத்தி இருந்தான்னு செவுத்துல ஒரு கோடாவது வேண்டாமாட்டி?” என்றீர்கள்.

லைனில் இருந்து செத்தவர்களை எல்லாம் அந்த நீளச் சுவரில், வேலை செய்யும் கோலத்தில் வரைய வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. பிரிண்டிங் பட்டறையில் பனியனுக்கு டிசைன் போட்ட கை அது, வரைவதில் கவலையில்லை. பெயிண்டுக்கும் சாரத்துக்கும்தான் வழியில்லை. தெருச் சுவர்களில் ஓவியம் வரைய உதவித்தொகை தரும் ஓர் அறக்கட்டளை சென்னையில் இருப்பதை நான்தான் பனியன் கம்பெனியில் கேள்விப்பட்டு வந்து சொன்னேன். ‘இதனால் சமூகம் அடையும் பயன் என்ன?’ என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. “என்னத்தப் பயன்? செத்தவ திரும்பியா வரப்போறா? மறக்காம இருப்போம்னு எழுது” என்றீர்கள். அதையே கொஞ்சம் திருத்தமாக எழுதினேன். லைன் வீட்டுச் சொந்தக்காரரும், “வரஞ்சுக்குங்க கண்ணு, செவுரு என்ன தேஞ்சா போகுது?” என்றார்.

அறக்கட்டளையிலிருந்து சுவரைப் பார்க்க ஆள் வருகிறார் என்றதும் நம் புத்தி கம்பெனிப் பக்கமே ஓடியது. சாம்பிள் காட்டாமல் எந்த பையர் நமக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறான்? ஒரே ஓர் உருவத்தை வரைந்து காட்டலாம் என்றீர்கள். ஆனால் செத்தவளைச் சாம்பிளாக வரைய உங்களுக்கு மனம் வரவில்லை. “கெடைக்கிற துணியிலதான சாம்பிள் தைப்போம்? நீ நில்லு” என்றீர்கள்.

“எனக்கு எதுக்குங்க அக்கா? உசுரோட இருக்கறவளைப் போயி…” என்று நெளிந்தேன்.

“சாம்பிள்தானட்டி. ஆர்டர் வந்ததும் உன்னய அழிச்சிட்டு அவளப் போட்டிருவேன். அசையாத.”

கையில் பனியனும் கத்தரியுமாக, குனிந்து பிசிறு வெட்டும் கோலத்தில் என்னை வரைந்தீர்கள். அவ்வளவு அழகாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

வந்தவர் நல்ல மனிதர். படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, “வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடிதாங்க நாங்க உதவ முடியும். நீங்க ஆரம்பிச்சுட்டீங்களே” என்றார்.

“ஆரம்பிக்கல சார். இது சாம்பிளுல்லா!”

“எனக்குப் புரியுதுங்க. கமிட்டிக்குப் புரியாது.”

சுண்ணாம்பு அடித்து மறைத்துவிடுகிறோம் என்று கெஞ்சிப் பார்த்தேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. ஒழுங்காக வேலை செய்யத் தெரிந்ததற்குத் தண்டனையா என்று எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

அதன்பிறகு அந்தச் சந்தில் நடக்கும்போது நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பவே மாட்டீர்கள். உங்கள் இருமலைப் பட்டறை வாடையால் வந்தது, போய்விடும் என்றே இருந்தோம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உங்களிடம் மூச்சே மிச்சமில்லை. உங்களையும் உங்கள் ஊர் நெல்லைக்கு வேன்தான் கொண்டுபோனது. அந்தச் சுவரை ஒட்டித்தான் வேனைத் திருப்பினார்கள். உங்கள் அறையில் யார் வந்து சோறு வடித்தார்கள் என்று பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஊத்துக்குளிக்கு, அம்மா வீட்டுக்கே போய்விட்டேன். இப்போது அங்கிருந்து ரயிலில் வேலைக்கு வந்து போகிறேன். கத்தரியோடு குனியும்போதெல்லாம் “அசையாத” என்கிறீர்கள்.

நேற்று நான் நிற்பதைப் பார்த்து ஒரு வடநாட்டுப் பெண் குடத்தோடு வந்தாள். இப்போது லைன் முழுக்க அவர்கள்தான். சுவரில் உப்புப் பூத்து முகம் உதிர்ந்துவிட்டது, அக்கா. குனிந்த தலையும் பனியனும் கத்தரியும்தான் மிச்சம். என்னை அவளுக்கு எப்படி அடையாளம் தெரியும்?

“இது யாரு தீதி? இங்க செத்துப் போச்சா? அதான் நான் பூ வைக்குது” என்றாள். தீதி என்றால் அவர்கள் பேச்சில் அக்கா.

அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஆமாங்க. எங்க அக்கா” என்றேன்.

பெயர் கேட்டாள். உங்கள் பெயரைச் சொன்னேன். அவள் நாக்கில் அது சரியாகப் புரளவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அழித்துவிட்டுப் போடுகிறேன் என்றீர்களே. நான் அழிக்காமலே உங்களைப் போட்டுவிட்டேன், அக்கா. நாளைக்குப் பூ உங்கள் பேருக்குத்தான்.