மூன்று துண்டுத் தாமரை

ஜூலை 14, திங்கள்
தூறல். மாமல்லபுரம் வரை பஸ்ஸில் நின்றபடி.

திங்கள்தோறும் டீ நேரத்தில் எங்கள் சிற்பக் கம்பெனி மேனேஜர் மேரி மேடம் எல்லோரிடமும் யோசனை கேட்பார். இன்று பேக்கிங் ஸ்டெல்லா அக்கா: "கல் தாமரை நீரூத்து கப்பல்ல போசொல்ல ஒடைஞ்சிகினே கீது மேடம். மூணு துண்டா செஞ்சி அனுப்பினா இன்னா? வாங்கினவங்க மாட்டிக்கட்டும்."

சிற்பி ஒருவர்: "இன்னாம்மா, டிபன் கேரியரா?" ஒரே சிரிப்பு.

மேடம் சிரிக்கவில்லை. "செஞ்சு பாருங்க. கல்லு வீணானா ஓனர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

சூப்பர் மேடம்!

ஜூலை 24, வியாழன்
மூன்று துண்டும் பொருந்திவிட்டன!! அக்கா மேல் இதழைத் தூக்கிப் பிடிக்க, நான் போட்டோ. உடனே ஆபீஸ் கம்ப்யூட்டரில், தோட்டப் பிரியர்கள் ஃபோரத்தில் ஏற்றினேன். உள்ளே எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்பதும் சேர்த்து. அமெரிக்காக்காரர் ஒருவர் என்னை ஜீனியஸ் என்கிறார். என்னை! சாப்பிடவே மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்
எதிர்க் கடை வாசலில் அதே தாமரை. அதே மூன்று துண்டு. நாங்கள் இன்னும் விற்கவே ஆரம்பிக்கவில்லை. அக்காவின் புருஷன் வேலை செய்வது அந்தக் கடையில்.

டீ நேரத்தில் ஓனர்: "யோசனையும் வாணாம், டீயும் வாணாம். ஸ்டெல்லா வூட்டுக்காரனாண்ட சொல்லிகீறா. நாளையிலருந்து வர வாணாம்."

மேடம்: "சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார். விசாரிக்கிறேன்."

நான் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு.

ஃபோரத்தைத் திறந்தேன். அளவெல்லாம் கேட்டு நன்றி சொன்ன ஒருவரின் ஈமெயில் முகவரியில் எதிர்க் கடையின் பெயர். அன்று குஷியில் கவனிக்கவில்லை.

செய்ய வேண்டியது: மேடத்திடம் சொல்வது. பதிவை அழிப்பது.
இரண்டும் செய்யவில்லை. அழித்தால் பாராட்டும் போய்விடுமே என்று நினைத்தேன். தூ.

ஆகஸ்ட் 13, புதன்
வெயில். பிரிண்டர் மறுபடி மக்கர்.

ஸ்டெல்லா அக்கா வந்து பக்கத்தில் நின்றார். "தம்பி, நீதான் எந்நேரமும் நெட்ல குந்திகினு கீறியே. நம்ம தாமரை எப்படி வெளிய போச்சின்னு தேடிப் பாரேன். சத்தியமா நான் வாயத் தொறக்கலப்பா."

தேட என்ன இருக்கிறது. ஃபோரம் பதிவைத் திறந்து திரையைத் திருப்பினேன்.

"ஐய, இது என் கை! என் வளையலு!" குனிந்து பார்த்தார். "மேல இங்கிலீஷ்ல இன்னா எழுதிக்கீது?"

"என் சொந்த யோசனைன்னு... நான் எழுதினது அக்கா."

என் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு: "எந்திரி. மேடமாண்ட வந்து இதையே படி."

எழுந்தேன்.