வசனம் கம்மியான நாடகங்கள்

பிப். 8, வியாழன்

ஓசூர் பஸ் ஆறேகாலுக்கே வந்துடுச்சு. நல்ல பனி. கருவடிக்குப்பத்துக்கு ஆட்டோ. நாத்தனார் விஜயா வேலைக்குக் கெளம்பிட்டிருந்தா (தட்டாஞ்சாவடி, பேக்கிங் கம்பெனி). இட்லி மூடி வெச்சிருந்தா. பக்கத்துல நாடக விழா நோட்டீஸ்.

வந்ததே இதுக்குத்தான். இவருக்கு நாடகம்னா உசுரு. ஆனா இடது காது சுத்தமா இல்ல, வலது பாதி. இருவத்திரெண்டு வருஷம் மில்லுல தறிச் சத்தத்துல நின்னது. காது மெஷின் இருக்கு, சட்டைப் பையில. மாட்டினா விசில் அடிக்குதாம்.

ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல போடறாங்க, ஹால்ல ஒண்ணு, தோட்டத்துல ஒண்ணு. எதாவது ஒண்ணுதான் பாக்கலாம். பேச்சு கம்மியா இருக்கறதா பாத்து எழுதினேன்:

வெள்ளி 4 - பொம்மலாட்டம்
வெள்ளி 6.30 - வெளிநாட்டுக்காரங்க ரெண்டு பேர், பேச்சே கெடையாது
சனி 4 - முகமூடி நாடகம்
சனி 6.30 - பறையோட கூத்து, தோட்டத்துல

சனி 6.30க்கு ஹால்ல இன்னொண்ணு. ரேஷன் கடை வரிசைல ரெண்டு பொம்பளைங்க. ஆரம்பத்துலேந்து முடிவு வரைக்கும் பேச்சு. பாக்கணும்போல இருந்துச்சு. எழுதிட்டு அடிச்சுட்டேன்.

சாயங்காலம் வந்து விஜயா லிஸ்ட்டப் பாத்தா. "இதுல உங்களுது எது அண்ணி?"

"எல்லாம்தான்."

பிரஷர் மாத்திரை ஓசூர்லயே விட்டுட்டேன். இங்க வாங்கணும்.

பிப். 9, வெள்ளி

மாத்திரை வாங்கியாச்சு. வெயில் இல்ல, கடல் காத்து. மதியம் சங்கரா மீன்.

பொம்மலாட்டம் நல்லா இருந்துச்சு. வெளிநாட்டுக்காரங்க ஒரு ஏணிய வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் ஏறி எறங்கினாங்க. ஜனங்க கை தட்டினாங்க. இவர் தட்டல.

கடற்கரை ரோட்டுல நடந்தோம். திடீர்னு நின்னார்.

"இன்னா, எல்லாம் ஊமை நாடகமாவே பொறுக்கி வெச்சிருக்க?"

தன் சத்தம் தனக்குத் தெரியாது. நாலு பேர் திரும்பிப் பாத்தாங்க.

"உங்களுக்காகத்தாங்க."

"நா கேட்டனா?"

நோட்டீசப் புடுங்கி வெளக்குக் கம்பத்துக்கடியில நின்னு படிச்சார். நாளைக்கு நாலு மணி, ஹால்ல கோர்ட்டு நாடகம். விரல் வெச்சுக் காட்டினார்.

"ஒண்ணரை மணி நேரமும் பேச்சுங்க. உங்களுக்குப் புரியாது."

"புரியலன்னா எனக்குத்தான புரியல. ஒனக்கு இன்னா?"

எனக்குக் கோவம். பதினோரு வருஷமா கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, பேங்க்கு, எங்க போனாலும் இவர் காதோரம் குனிஞ்சு குனிஞ்சு நான்தான் சொல்றேன். கழுத்து வலி அதனாலதான்னு டாக்டர்கிட்டகூட சொன்னதில்ல.

பிப். 10, சனி

கோர்ட்டு நாடகம் பாத்துட்டு ஹால் வாசல்ல உக்காந்து எழுதறேன். இவர் டீ வாங்கப் போயிருக்கார்.

முன்வரிசை கெடச்சுது. வக்கீல் பேச ஆரம்பிச்சதுமே பழக்கத்துல காதுல சொல்ல ஆரம்பிச்சேன். பின்னாடி ஒரு அம்மா, "உஷ்." திரும்பவும் சொன்னேன். திரும்பவும் "உஷ்." இவர் என் கையப் புடிச்சு என் மடியிலயே வெச்சார்.

"நீ பாரு."

அப்புறம் நா வாயத் தொறக்கல. மேடையப் பாதி, இவரப் பாதி பாத்தேன். உன்னிப்பா பாத்துட்டிருந்தார். ஜனங்க சிரிச்சா ஒரு நொடி கழிச்சு சிரிச்சார்.

வெளிய வந்து கதை சொன்னார். ஜட்ஜு அந்தப் பொண்ணோட அப்பாவாம், அது தெரியாமலே தண்டனை குடுத்துட்டாராம்.

"இல்லீங்க. அவர் அப்பா கெடையாது. எடத்தகராறு கேஸ் அது."

"அப்டியா?" கொஞ்சம் யோசிச்சார். "என்னுது நல்லாருக்கு."

நல்லாத்தான் இருந்துச்சு. சிரிச்சுட்டேன்.

அப்புறம் அவரே சொன்னார். "ஆறரைக்கு நா கூத்துக்குப் போறேன். பறை நெஞ்சுல கேக்கும். நீ அந்த ரேஷன் கடைக்குப் போ."

"எப்டித் தெரியும்?"

"அடிச்சாலும் எழுத்து தெரியுதில்ல."

பிப். 11, ஞாயிறு

பஸ் ஒன்பதரைக்கு. விஜயா புளிசாதம் கட்டறா. நேத்து மீதி எழுதிடறேன்.

தனியா ஒரு நாடகம் பாத்தது இதான் மொத தடவ. ரெண்டு பொம்பளைங்களும் கடைசி ஒரு கிலோ பருப்புக்காக வரிசைல எடத்துக்குச் சண்ட போட்டு, குடும்பக் கதை பேசி, திரும்பவும் சண்ட. ஒரு வார்த்த விடல நான். ஒரு எடத்துல சிரிப்புத் தாங்காம, இவர்கிட்ட சொல்றாப்ல இடது பக்கம் குனிஞ்சேன். யாரோ காலேஜ் பொண்ணு.

"இன்னா ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்லம்மா."

முடிஞ்சு வந்தா, வெளி கேட் பக்கத்துல இவர் நின்னுட்டிருந்தார், சட்டையெல்லாம் புழுதி. கூத்து முடியறப்ப எறங்கி ஆடினாராம். ஆட்டோல ஏறினதும், "ம், சொல்லு."

சொன்னேன். ரெண்டு பொம்பளைக் கொரலயும் மாத்தி மாத்தி, அவருக்குக் கேக்கறாப்ல சத்தமா. வீட்டு வாசல் வந்ததும் நிறுத்திட்டேன். ஆட்டோக்காரர் வண்டிய ஆஃப் பண்ணிட்டுத் திரும்பினார்.

"கடைசில பருப்பு யாருக்குத்தான் போச்சு, அக்கா?"

"ரெண்டு பேருக்குமே மெஷின்ல கைரேகை விழல."

"அட"ன்னார் ஆட்டோக்காரர். ஒரு நொடி கழிச்சு இவரும்.