ஆர்ச்டீக்கன் பெண்சாதி வேஷம்

ஜனவரி 5, ஞாயிறு

வேஷம் எனக்குத்தான்! ஆராதனை முடிந்ததும் பாதிரியார் ஐயரே அறிவித்தார். ஆண்டு விழா நாடகத்தில் நான்தான் கேத்ரின்.

வேல்ஸ் தேசத்தில் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் நடக்கிற மாதிரி ஐயர் எழுதிய கதை. பண்ணையார் வீட்டு இளையவர் ரைஸ், ஆர்ச்டீக்கன். பிஷப்புக்கு அடுத்த பதவி. குருமாரெல்லாம் பெண்சாதியைத் தள்ளிவைக்க வேண்டும், இல்லையென்றால் பதவி போகும் என்று புது ராணி உத்தரவு போடுகிறாள். ராணி கோபத்தில் நிலமும் போய்விடுமோ என்று அண்ணன் பயந்து, தம்பி பெண்சாதி கேத்ரினை அனுப்பிவிடச் சொல்கிறான்.

ரைஸ் யார்? எங்கள் வீட்டுக்காரர் ஜெயசீலன்! எங்கள் சபையில் மேடையில் புருஷன் பெண்சாதியாக வருகிறவர்கள் நிஜத்திலும் அப்படியே இருக்க வேண்டும். எந்தக் காலத்துச் சட்டமோ! கல்யாணமான நாளிலிருந்து நானும் கிண்டல் பண்ணிப் பார்க்கிறேன், இந்த மனுஷன் பல்லைப் பார்த்ததில்லை. தேஹு ரோடு மிலிட்டரி டிப்போவில் பெட்டிகளைக் காவல் காத்து, இவரும் பெட்டி மாதிரி ஆகிவிட்டார்.

ஜனவரி 12, ஞாயிறு

முதல் ஒத்திகை. மண்டியிட்டு என் கையைப் பிடித்து, "கேத்ரின், உன்னைவிடப் பதவி பெரிதல்ல" என்றார். கரண்டு பில் வாசிக்கிற மாதிரி. சிரித்துவிட்டேன்.

ஜனவரி 15, புதன்

இன்றைக்கும் சிரித்தேன். ஐயருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஜோசபினம்மா, அழுற இடத்துல சிரிச்சா எப்படி? இன்னொரு தடவை சிரிச்சீங்கன்னா, வசந்தகுமார்தான் ரைஸ், மல்லிகாதான் கேத்ரின்."

வசந்தகுமார் இப்போது அண்ணன் வேஷம். அவர் பெண்சாதி மல்லிகா ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள், நான் பேசப் பேச அவள் உதடும் அசைகிறது!

எட்டாவதோடு நின்றவள் நான். பள்ளிக்கூடத்தில்கூட மேடை ஏறியதில்லை. இந்த வேஷம் எனக்கு வேண்டும் — வேணும், அவ்வளவுதான்.

வீட்டில் இவரிடம், "நீங்க கொஞ்சம் மூஞ்சிய மாத்தி வச்சிக்கிடக் கூடாதா?" என்றேன்.

"எனக்கு இருக்கது ஒரு மூஞ்சிதாம்ட்டி."

ஜனவரி 18, சனி

கேம்ப் பஜாரில் வேஷத்துக்கு வெல்வெட் எடுத்தோம். வீட்டில் கல்யாணமா பாபி என்று கடைக்காரர் ஹிந்தியில் கேட்டார். ஆமாம் பையா, எங்கள் இரண்டு பேருக்கும்தான் என்றேன். கடையே சிரித்தது. இவர் துணியின் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 22, புதன்

சிரிக்கவில்லை! கன்னத்தின் உட்புறம் கடித்துக் கடித்துப் புண்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்றைக்குத்தான் நாடகம். மண்டபம் நிறைந்து வாசல் வரை சனம். வசந்தகுமார் ராணி உத்தரவை நீட்டி, "அவளை அனுப்பு, இல்லையேல் பதவியை விடு!" என்று முழங்கினார். அழுதேன். ஆண்டவரே, நிஜமாகவே அழுகை வந்தது! மூக்கும் சேர்ந்து ஒழுகியது. இவர் திரும்பி என்னைப் பார்த்தார். உதடு துடித்தது. துக்கமாக்கும் என்று நினைத்தேன்.

சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்! போச்சு. எல்லாம் போச்சு.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ராணி உத்தரவப் பாத்தே பயமில்லாமச் சிரிக்கான் பாரும்வே!"

அவ்வளவுதான், மண்டபமே எழுந்து கைதட்டியது. அந்தச் சத்தத்தில் இவர் உத்தரவை வாங்கிக் கிழித்தார், மூச்சு வாங்க வசனத்தைச் சொன்னார். ஐயரும் தட்டினார், மல்லிகாவும் தட்டினாள்.

ஆட்டோவில் கேட்டேன். "எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க?"

"நீ சீரியஸா இருந்து இன்னைக்குத்தாம்ட்டி பாக்கேன்."

ஜனவரி 28, செவ்வாய்

டியூட்டிக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன். முகத்தை மட்டும் கல் மாதிரி வைத்துக்கொண்டேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒற்றை ஷூவோடு தரையில் உட்கார்ந்துவிட்டார் மனுஷன். பஸ்ஸும் போய்விட்டது.