மதாம் இன்ஷிராஹின் சிவப்புப் புள்ளிகள்

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்றிலிருந்து நானும் நவீன ஆசிரியை. எங்கள் இசை மையத்தின் இயக்குநர் ரஃபத் மாணவர்கள் எல்லோர் போனிலும் ஒரு செயலியை ஏற்றச் சொல்லிவிட்டார். வீட்டில் பியானோ வாசிக்கும்போது அது கேட்டுக்கொண்டே இருக்குமாம். சரியான சுரத்துக்குப் பச்சைப் புள்ளி, தப்புக்குச் சிவப்பு. கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று எனக்கு வந்துவிடும். மே கடைசிக்குள் எழுபது எடுத்தவர்கள்தான் ஜூன் கச்சேரியில் மேடை ஏறலாம்.

"காது பொய் சொல்லும் நெர்மீன், மெஷின் சொல்லாது" என்றார். பத்து வருடமாக என் காதை வைத்துத்தான் மையத்தை ஓட்டினார். அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஏப்ரல் 10

வீட்டில் செயலியைச் சோதித்துப் பார்த்தேன். பால்கனிக் கதவு திறந்திருந்தது. கீழே கேஸ்காரர் சிலிண்டரை ஸ்பேனரால் தட்டிக்கொண்டு போனார். மூன்று பச்சைப் புள்ளி வாங்கிவிட்டார். வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

மதாம் இன்ஷிராஹுக்கு மேடைக்கான பாடத்தைக் கொடுத்தேன். வயது அறுபத்தொன்று. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அலெக்ஸாந்திரியாவின் பாதிப் புவியியல் ஆசிரியர்களை நடுங்க வைத்தவர். என்னிடம் வந்து ஒன்றே கால் வருடம் ஆகிறது.

"மேடை ஏறணும் கண்ணு. இந்த வயசுல என்ன கூத்துன்னு என் தங்கச்சி சிரிக்கிறா. மொத வரிசையில உக்காந்து சிரிக்கட்டும்."

அன்ஃபூஷிக் கடற்கரை மீனவர்கள் கல்யாணத்தில் பாடும் மெட்டு ஒன்றை அவருக்காகப் பியானோவுக்கு எழுதி, செயலியிலும் நானே ஏற்றியிருந்தேன். நான்கு சுரம் வாசித்ததுமே, "அட, இது என் கல்யாணத்துல பாடினதாச்சே!" என்று துள்ளினார்.

ஏப்ரல் 21

இன்ஷிராஹ் 43. மற்றவர்கள் எல்லோரும் எழுபதுக்கு மேல். வகுப்பில் என் பியானோவில் நன்றாகத்தானே வாசிக்கிறார்?

ஏப்ரல் 28, செவ்வாய்

வாரம் முழுக்க 41, 44, 43. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"மதாம், வீட்டுல நிஜமாவே நீங்கதான் வாசிக்கிறீங்களா? இல்ல, போனை ஆன் பண்ணி வெச்சுட்டு சீரியல் பாக்குறீங்களா?" வேடிக்கையாகத்தான் கேட்டேன். பாதி வேடிக்கை.

அவர் கைப்பையை மூடினார். "முப்பத்திரண்டு வருஷம் மத்தவங்க பொய்யைக் கண்டுபிடிச்சவ நான். என்னையே பொய்க்காரின்னு சொன்ன மொத ஆளு நீதான்." போய்விட்டார்.

ஏண்டி உனக்கு வாய் இவ்வளவு நீளம்? அந்த அம்மா கேட்டது ஒரு மேடை. அதுவும் போச்சு, ஆளும் போச்சு.

மே 5

வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

மே 8, வெள்ளி

தொழுகை முடிந்த நேரமாகப் பார்த்து, ஒரு கிலோ பஸ்பூசாவோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

"மெஷின் அனுப்பிச்சுதா உன்னை?" என்றார். பிறகு இனிப்புப் பெட்டியைப் பார்த்து வழி விட்டார்.

கூடத்தில் பெரிய கீபோர்டு. அண்ணன் மகன் ஷவ்கி கல்யாணங்களுக்கு வாசிப்பதாம்; வேலை இல்லாத நாட்களில் அத்தை வீட்டில் போட்டு வைக்கிறான். "வாசிங்க மதாம்" என்றேன். வாசித்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு சுரம் பிசகவில்லை. ஆனால் போனில் அம்மை போட்டது போல ஒரே சிவப்பு.

அப்போதுதான் கண்ணில் பட்டது. கட்டைகளுக்கு மேலே பன்னிரண்டு குட்டிப் பொத்தான்கள். சுரத்துக்கு ஒன்று. அதில் 'மி', 'ஸி' என்ற இரண்டு சுரங்களின் பொத்தானிலும் விளக்கு எரிகிறது! அழுத்தினால் அந்தச் சுரம் பக்கத்துக் கறுப்புக் கட்டையை நோக்கிப் பாதி வழி இறங்கி நிற்கும். நம் பாட்டுகள் அங்கேதான் குடியிருக்கின்றன; பியானோவில் அந்த இடமே கிடையாது. ஷவ்கி கல்யாணத்துக்குப் போட்டதை அணைக்கவே இல்லை. ஒவ்வொரு மி-க்கும் ஸி-க்கும் ஒரு சிவப்பு.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஊரே எப்படிப் பாடுதோ அப்படித்தான் வாசிக்கிறீங்க மதாம். தப்பா எழுதிக் குடுத்தது நான். மன்னிச்சுக்கங்க."

"எழுத்துல குடு."

பஸ்பூசா பெட்டி மூடியின் பின்பக்கம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, அலமாரியில் வைத்துக்கொண்டார்.

பொத்தான்களை அணைத்து மறுபடி வாசிக்கச் சொன்னேன். 86! அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். அவர் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"உப்பில்லாத மொலோகியாக் கீரைக் குழம்பு. உன் பியானோவோட சத்தமே இப்படித்தான்னு வகுப்புல பொறுத்துக்கிட்டேன். மேடையில இதைத்தான் வாசிக்கணும்னா நான் வரல."

கோபம் வந்தது. டிராமில் திரும்பும்போது அந்த மெட்டை எனக்குள் பாடிப் பார்த்தேன் - அவர் வாசித்தபடிதான் வருகிறது.

மே 11

மூன்று நாளாகச் செயலியைக் குடைந்துகொண்டிருக்கிறேன். அமைப்புகளில், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பக்கத்தில், சுரம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாழ்த்த இடம் வைத்திருக்கிறார்கள்! இத்தனை நாள் கண்ணை எங்கே வைத்திருந்தேன்? மி, ஸி இரண்டையும் இறக்கி, மெட்டை முதலிலிருந்து ஏற்றினேன்.

மே 12, செவ்வாய்

இன்ஷிராஹ் வந்தார். பழைய நாற்காலியில் உட்காராமல், முதலில் கைக்குட்டையால் அதைத் துடைத்தார். இன்னும் முழுக்க ஆறவில்லை.

மே 17

ஷவ்கியின் கீபோர்டில் அந்த இரண்டு பொத்தானும் எரிய வாசித்து, இன்ஷிராஹ் 88. மேடைக்கும் அதே கீபோர்டுதான். முழுக்கதையையும் ரஃபத்திடம் சொன்னேன்.

"பெரிய பியானோவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மேடையில கல்யாண ஆர்கனா? இதென்ன, ஷாமியானா பந்தலா?"

"காது பொய் சொல்லும், மெஷின் சொல்லாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. மெஷின் எண்பத்தெட்டுங்குது."

பதிவைக் கேட்டார். இரண்டாவது முறையும் கேட்டார். "கீபோர்டு வைக்கிற மேஜை ஆடாம இருக்கணும். அது உன் பொறுப்பு" என்றார்.

ஜூன் 11, வியாழன்

மேஜை ஆடவில்லை. நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

நீல உடையில் வந்து உட்கார்ந்தார். மூன்றாவது வரியில் விரல் தடுக்கியது. நிறுத்தி, சபையைப் பார்த்து, "யாரும் பேசாதீங்க, திரும்ப ஆரம்பிக்கிறேன்" என்றார். முந்நூறு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிவிட்டார்கள். முதல் மி இறங்கி நின்றதும் எங்கிருந்தோ ஒருவர் "அல்லாஹ்!" என்றார். அப்புறம் எல்லோரும் கைதட்டித் தாளம் போட்டார்கள், ரஃபத் உட்பட. அவர் மட்டும் தாளம் தப்பி.

முன்வரிசையில் தங்கை சிரிக்கவில்லை. பாடிக்கொண்டிருந்தாள். நான் அழுதுவிட்டேன், அவ்வளவுதான்.

ஜூன் 14

காலை எட்டு மணிக்கே இன்ஷிராஹ் போன். குரலில் இன்ஸ்பெக்டர்.

"சர்டிபிகேட்ல எண்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. மீதி பன்னிரண்டை யாரு குறைச்சது?"

"மெஷின்தான், மதாம்."

"அதுக்கு மேலதிகாரி யாரு?"

செவ்வாய் நாலு மணிக்கு நேரில் வந்து விசாரிக்கிறாராம்.