தம்பின் ரோட்டில் அர்ச்சுனனின் சைக்கிள்

1943 நவம்பர் 7

ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி ஓடியது போன வருஷப் பொங்கலுக்கு. இந்த வருஷம் மாரியம்மன் திருவிழா நின்றது. அரிசி கண்ணில் படுவது நின்று, மரவள்ளிக்கிழங்கே சோறானது. என் மகன் அர்ச்சுனனைச் சயாமில் ரயில்பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனதும் இதே வருஷம்தான், வைகாசியில். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து அவனோடு போனவர்கள் கணேசமூர்த்தி, தங்கராஜு, குப்பன், வீரமுத்து. மூன்று மாதத்தில் வந்துவிடுவார்கள் என்று வேலை வாங்கும் மண்டோர் சொன்னார். ஒரு சேதியும் இல்லை.

எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் நீலாவதி எழுதுகிறாள். அர்ச்சுனன் திரும்பி வந்தால் வீட்டு நடப்பை ஒன்றுவிடாமல் கேட்பான். அதற்காகத்தான்.

சயாமிலிருந்து சீக்காளிகளும் தப்பியவர்களும் தம்பின் டவுன் ஸ்டேசனில் இறங்குகிறார்களாம். போய் விசாரிக்க வேண்டும். பதினொரு கல் தூரம், என் முட்டி நடைக்கு ஆகாது. அர்ச்சுனன் சைக்கிள் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக் கொட்டகையில் தொங்குகிறது. டயரை ஒரு ஜப்பான் சிப்பாய் உருவிக்கொண்டு இரும்பை விட்டுவிட்டான். நாளைக்கு அதை இறக்கப் போகிறேன். நாற்பத்தெட்டு வயதில் சைக்கிள் படிக்கப் போகிறேன்.

நீலாவதிக்குச் சிரிப்பு. அதையும் எழுது.

நவம்பர் 10

ரப்பர் மரத்துக்கு அடியிலேயே கிடக்கிறவன் டயருக்கு எங்கே போவது? காய்ந்த ரப்பர் ஷீட்டைக் கணேசமூர்த்தி பெண்சாதி பஞ்சாலை வார் வாராக அறுத்துக் கொடுத்தாள். சக்கரத்தில் இறுக்கிச் சுற்றிக் கம்பியால் கட்டினேன். டயர் மாதிரியேதான் இருக்கிறது.

நவம்பர் 13

மூன்று நாளாக விழுகிறேன். வேட்டி சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. இப்போது கோவணம்தான்.

பஞ்சாலை குழாயடியில் நின்று, "மாமா, எருமைக் கொம்பப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க. அது முட்டாதுலா" என்றாள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். இந்த லயத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று. வெட்கமாக இருந்தாலும் இன்னொரு தரம் விழுந்தேன்.

நவம்பர் 22

இன்று விழவில்லை.

டிசம்பர் 5

தம்பின் போய் வந்தேன். பக்கத்துத் தோட்டங்களிலும் நான் போகிற சேதி பரவி, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பேர் சொன்னார்கள். யார் மகன், எந்த ஊர்ப்பக்கம், நெற்றியில் என்ன தழும்பு. எல்லாம் மண்டையில் வைத்திருக்கிறேன். எழுத்து தெரியாதவனுக்கு அங்கேதானே இடம்.

ஸ்டேசனில் இறங்கியவர்கள் மூன்று பேர். ஒருத்தனுக்குப் பேச்சே வரவில்லை. அர்ச்சுனனைப் பார்த்தவர் யாரும் இல்லை.

1944 சனவரி 9

நான் வரும்போது பெண்கள் தகரக் குவளையில் தண்ணீரோடு வாசலில் நிற்கிறார்கள். சாவுச் சேதி கொண்டுவந்தவன் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டான். அது எல்லாருக்கும் தெரியும். அதனால் வாயைத் திறந்து கேட்பதில்லை. குவளையை நீட்டிவிட்டு என் கையைப் பார்க்கிறார்கள். வாங்கிக் குடித்தால் மூச்சு விடுகிறார்கள்.

இன்று ஆற்றுத் தோட்டத்தில் இரண்டு வீட்டில் நான் வாங்கவில்லை.

பிப்ரவரி 20

எப்படிச் சொல்வது. சொல்கிறேன், எழுது.

ஸ்டேசனில் ரெம்பாவ் ஊர்க்காரன் ஒருத்தன், கணேசமூர்த்தி செத்துப்போனான் என்றான். கூடவே கிடந்தவன், தழும்பு வரைக்கும் சரியாகச் சொன்னான். திரும்பும்போது உச்சிவெயில். மழைக்காலத்தில் தாங்கிய டயர் இன்று இளகிவிட்டது. ரோட்டு மண்ணை அள்ளிக்கொண்டு கொழகொழவென்று சட்டத்தில் ஒட்டி, சக்கரம் நின்றுபோனது. இருபது வருஷம் ரப்பரில் உழைத்தவன் நான். வெறும் ஷீட் டயர் ஆகாது என்று தெரியாமல் போயிற்றே. பாதி வழி தூக்கியும் தள்ளியும் வந்தேன். கண் இருட்டியது.

லயத்து முகப்பில் ஒரு கை குவளையை நீட்டியது. வாங்கிக் குடித்துவிட்டேன். முழுசாக. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன் — பஞ்சாலை.

"மாமா குடிச்சிட்டாரு! நீலா, மாமா குடிச்சிட்டாருடி" என்று உள்ளே ஓடினாள். நான்கு வீட்டுக்காரிகள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ வெல்லத்துண்டு கொண்டுவந்தார்கள், எங்கே ஒளித்து வைத்திருந்தார்களோ.

நான் சொன்னேன். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் அழவில்லை. என் முன்னால் வந்து நின்று, "குடிச்சதத் துப்பிடுங்க மாமா" என்றாள்.

பிப்ரவரி 21

டயரை அறுத்து எறிந்தேன். வெறும் இரும்பிலும் ஓட்டலாம். எனக்குத்தான் மனசு வரவில்லை.

ஏப்ரல் 16

மறுபடி போகத் தொடங்கினேன். இரும்புச் சக்கரம் கல்லில் கடகடவென்று இரண்டு வளைவுக்கு முன்பே கேட்கிறது. கேட்டதும் கதவைச் சாத்துகிறார்கள். ஆற்றுத் தோட்டத்தில் ஒரு கிழவி, "எங்க வீட்டுப்பக்கம் வராதப்பா, எங்க பிள்ள நல்லா இருக்கான்" என்று கும்பிட்டாள். அவள் மகனைப் பற்றி என்னிடம் சேதி எதுவும் இல்லை. நம்பவில்லை.

இதற்காகவா விழுந்து விழுந்து படித்தேன்?

ஜூன் 11

நீலாவதி தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் பஞ்சாலை வந்தாள். அந்த நாளுக்குப் பிறகு இன்றுதான் பேசுகிறாள்.

"சைக்கிள ஏன் மூலையில சாத்திட்டீங்க?"

"எல்லாருக்கும் நான் எமன் ஆயிட்டேன் ஆத்தா."

"ஆமா, ஆயிட்டீங்க. அதுக்கு? எனக்கு இப்ப தெரியும், ராத்திரி தூங்குறேன். உங்க மருமக தூங்குதா? எழுந்து போங்க மாமா."

இதை நீலாவதி இப்போதுதான் கேட்கிறாள், எழுதும்போது.

நவம்பர் 19

தங்கராஜு காய்ச்சலில் போய்விட்டான். அவன் தாயிடம் சொல்லிவிட்டு வந்தேன். குப்பனுக்குக் காலில் புண் அழுகியதாம். அவனும் இல்லை. அவன் வீட்டில் சொல்ல யாருமே மிச்சம் இல்லை.

1945 மார்ச் 4

ஒன்றுமில்லை. போனேன், வந்தேன்.

ஆகஸ்டு 26

ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று தம்பின் கடைத்தெருவெல்லாம் பேச்சு. ஸ்டேசன் படியில் எலும்பும் தோலுமாக ஒருத்தன் சாய்ந்திருந்தான். தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து, "முனியாண்டி மாமா, நீங்க எப்ப சைக்கிள் படிச்சீங்க?" என்றான். குரலை வைத்துத்தான் வீரமுத்து என்று தெரிந்தது.

பின்னால் உட்காரவைத்து என் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். ஆள் ஏறிய பாரமே தெரியவில்லை. வழிநெடுக முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சைக்கிள் விழும்.

அவனைப் பஞ்சாலை வீட்டில் கஞ்சி குடிக்க விட்டுவிட்டு வந்தேன். நீலாவதி, நீ வாசலிலேயே கேட்டாய். நோட்டை எடுத்துக்கொண்டு வா என்றேன். எத்தனையோ வீட்டு வாசலில் நின்று சொன்னவன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை தாயி. நீ குனிந்து எழுது, நான் சொல்கிறேன்.

போனவர்கள் ஐந்து பேர். கணேசமூர்த்தி இல்லை. தங்கராஜு இல்லை. குப்பன் இல்லை.

அர்ச்சுனன் —

எழுது. நிறுத்தாதே.

அர்ச்சுனன் போன அந்த வருஷமே, ஐப்பசி பிறக்குமுன், பேதியில். வீரமுத்து பக்கத்தில் இருந்தான். மழையில் விறகு பற்றவில்லை, ஆற்றங்கரையில் புதைத்தார்களாம். நான் கொட்டகையிலிருந்து சைக்கிளை இறக்கியபோதே அவன் இல்லை.

எழுதினாயா?

இனி இருப்பது ஒருத்தன். வீரமுத்து.