அப்பாவின் ரத்தம் என்று நீங்கள் நம்பியது

அன்புள்ள அண்ணே,

மேல்மலையில் கவ்வாத்து நடக்கிறது. வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளின் பச்சை வாசம் இன்று காலை லயத்து வரிசை வீடுகளின் வாசல்வரை வந்தது. உடனே உங்கள் நினைப்புதான். கவ்வாத்துக் கத்தியை ஒருநாள்கூடத் தொடாதவர் நீங்கள்.

எல்லோருக்கும் பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் பிடிப்பதில் வந்த சண்டையில் அப்பா அந்தக் கத்தியால் பக்கத்து வீட்டுக்காரரை வெட்டிக் கொன்றபோது உங்களுக்குப் பத்து வயது, எனக்கு நாலு. அப்பா சிறையிலேயே செத்தார். பிறகு நீங்கள் எதற்குக் கோபப்பட்டாலும் லயமே சொன்னது: "அப்பன் ரத்தம்ல." நீங்களும் நம்பினீர்கள். டிக்கோயாவிலிருந்து வந்த சம்பந்தத்தை, அந்த அக்காவை அவ்வளவு பிடித்திருந்தும், வேண்டாம் என்றீர்கள்.

"எனக்குப் பொறக்கிற புள்ளைக்கும் இது வரும் பாப்பா. எதுக்கு?"

கொட்டகலை பஸ் ஸ்டாண்டில் ஒருவன் உங்களைக் 'கொலகாரன் மகன்' என்றான். ஒரே குத்து. அவன் பல் விழுந்தது. வீட்டுக்கு வந்து கையைக் காட்டி, "பாத்தியா, வந்துருச்சு" என்றீர்கள்.

"எனக்கும் அதே ரத்தந்தானேண்ணே?"

"நீ அம்மா மாதிரி" என்று முடித்துவிட்டீர்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வலப்பனையிலிருந்து அம்மாவின் தங்கை, நம் சின்னம்மா வந்தார். சாப்பிடாமல் உங்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் நான் பெத்த புள்ளம்மா. கல்யாணத்துக்கு முந்தி, வேற ஒருத்தருக்கு. ஒங்கப்பன் ரத்தமே இல்ல. ஒங்கம்மா வாங்கி வளத்தா. யாருக்கும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிருந்தேன்."

"அண்ணன் ஏன் கல்யாணம் பண்ணிக்கலன்னு தெரியுமா சின்னம்மா?"

"விருப்பமில்லன்னுதானே சொன்னாங்க?"

அப்படியானால் அந்தக் குத்து யாருடைய ரத்தம், அண்ணே? உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் என் மகளிடம் கேட்டேன். "ரத்தம் மட்டும் இல்லம்மா. வளர்ற எடம், கேக்குற பேச்சு எல்லாம் சேந்துதான். இதுனாலதான்னு ஒண்ணக் காட்ட முடியாது" என்றாள். கேட்டபின் இன்னும் குழம்பிப்போனேன். அப்பாவின் ரத்தம் உண்மையில் ஓடுவது எனக்குள். நான் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. என்னை யாரும் அப்படிப் பார்த்ததும் இல்லை.

சின்னம்மா இதைச் சொல்வதற்கு முன்பே, உங்கள் சாவு வீட்டுக்கு டிக்கோயா அக்கா வந்திருந்தார், தலை நரைத்து, பேத்தியோடு. "அவருக்கு என்னையப் பிடிக்கலையா?" என்று தனியாகக் கேட்டார். அப்பாவின் ரத்தத்துக்கு நீங்கள் பயந்ததைச் சொன்னேன். "அப்ப என்னையக் காப்பாத்தத்தான் வேணாம்னாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் முகம் தெளிந்துவிட்டது.

சின்னம்மா சொன்னதைச் சொல்லி அந்தத் தெளிவை நான் கலைக்கலாமா? இரண்டு முறை பஸ் ஏறினேன், அண்ணே. இரண்டு முறையும் டிக்கோயாவில் இறங்காமல் போய்த் திரும்பி வந்துவிட்டேன்.