சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே

செப்டம்பர் 9, செவ்வாய்

ஐந்தாம் மாடியில் மகன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் இந்த ஊர் ஊமைப் படம். இன்று யாரிடமும் சொல்லாமல் கீழே இறங்கிவிட்டேன்.

தெருமுனையில் ஒரு சூப் வண்டி. என் வயதை ஒட்டிய அம்மாள் ஒருவர் நடத்துகிறார். வறுத்த பூண்டின் வாசனை ஆளைக் கட்டி இழுத்தது. நம் ஊர்ப் பழக்கத்தில் நேரே வண்டியருகே போய்க் காசோடு கையை நீட்டினேன். யாரும் திட்டவில்லை. சுவரோரமாக நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வண்டிக்கார அம்மாள் கரண்டியால் தரையைக் காட்டினார். சாக்பீஸ் கோடு! அதற்கும் சுவருக்கும் இடையில்தான் வரிசை. கோட்டுக்கு வெளியே இருப்பது நடப்பவர்களுக்கான வழி. முப்பது வருஷம் மாநகராட்சிச் செய்தி எழுதியவள் நான். வெட்கத்தோடு வரிசையின் கடைசிக்குப் போனேன்.

சூப் பிரமாதம். எலுமிச்சை பிழியாமல் குடித்ததற்கு ஒரு பஸ் ஓட்டுநர் சைகையிலேயே என்னைக் கண்டித்தார்.

செப்டம்பர் 10

கோட்டுக்குள் நின்றேன். எலுமிச்சையும் பிழிந்தேன். ஓட்டுநருக்குத் திருப்தி.

செப்டம்பர் 13, சனி

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. ஆத்திரம்தான், வயசு இல்லை.

மகன் இங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர். சாப்பிடும்போது சொல்கிறான்: "பூண்டு நாத்தம் வீட்டுக்குள்ள வருதும்மா. வண்டியைத் தூக்கச் சொல்லி புகார் கொடுத்திருக்கோம்." வாசனைக்காகத் தூக்க முடியாதாம். நடைபாதையை மறித்தால் முடியுமாம். அதற்கு ஆதாரம் என்று போனில் ஒரு படத்தைக் காட்டினான். மேலிருந்து எடுத்தது. பழுப்புச் சால்வை, நரைத்த கொண்டை, வழியை அடைத்து நிற்கும் ஒரு முதுகு.

"டேய், இது நான்டா!"

"தெரியும்மா. முகம் விழலையே, அதான் அனுப்பினேன்."

சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கிறான்! இவன் என்ன, பூண்டு தின்னாமலா வளர்ந்தான்?

"அவர் வேணும்னு செய்யல அத்தை" என்றாள் மருமகள்.

வேணும்னு செய்யாம, ஜன்னல்ல நின்னு படம் எடுப்பானா?

செப்டம்பர் 14

இப்படி ஒரு படம் என் மேசைக்கு வந்திருந்தால், மற்ற நாளில் அங்கே எப்படி நிற்கிறார்கள் என்று கேட்காமல் அச்சுக்கு விட்டிருப்பேனா?

வண்டிக்கார அம்மாளுக்கு விஷயம் தெரியாது போலிருக்கிறது. இன்று எனக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினார். பாதியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அதிகாரி அளவு நாடாவோடு வந்தார். சங்கத்துக்காரர்கள் கூடியிருந்தார்கள்; முன்னால் என் பிள்ளை. வண்டிக்கார அம்மாள் உலர்ந்த கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு இந்த ஊர்ப் பேச்சு வராது. மருமகளைக் கையோடு கூட்டிப்போயிருந்தேன்.

"சொல்லும்மா. படத்துல வழியை மறிச்சு நிக்கிறது நான்தான். புதுசு, தெரியாம நின்னேன். இவங்க அப்பவே உள்ள போகச் சொல்லிட்டாங்க."

மருமகள் புருஷனைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றான்.

"நீங்க சும்மா இருங்க" என்றவள், நிறுத்தி நிதானமாக எடுத்துச் சொன்னாள். வரிசையிலிருந்து பஸ் ஓட்டுநர் என்னவோ கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னவாம்?"

"அன்னிக்கு நீங்க அவரையும் முந்தப் பாத்தீங்களாம் அத்தை."

அதிகாரி கோட்டிலிருந்து நடைபாதை விளிம்புவரை அளந்தார். வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாடாவைச் சுருட்டினார். வண்டி இருக்கலாம்.

செப்டம்பர் 17

மகனும் நானும் பேசிக்கொள்ளவில்லை. அவனா நானா, யார் முதலில் நிறுத்தியது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் வரிசையின் கடைசியில் நான். ஆபீஸ் சட்டை போட்ட ஒருவன் நேரே வண்டியருகே போய்க் காசோடு கையை நீட்டினான். வண்டிக்கார அம்மாளின் கரண்டி தரையைக் காட்டியது. குனிந்து பார்த்தான். கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, எனக்குப் பின்னால் நின்றான்.

நான் திரும்பவில்லை. முதுகை வைத்தே என்னைத் தெரியுமே அவனுக்கு.